பச்சையாக ஒளிர்ந்த ஏழு கலங்கள்

கடல் வந்த அன்று நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கடமையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களில் ஒருவர்தான் வேலைக்கு வருவார். அன்று என்னுடைய முறை. கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். கணவரும் ஆறு வயது மகளும் வீட்டில் இருந்தார்கள். நான் வெளிக்கிடும்போது மகள் நித்திரை. எழுப்பவில்லை.

காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் காயக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கல்லடிப் பக்கம் முழுக்கத் தண்ணீர் என்று யாரோ சொன்னார்கள். பாலத்தால் யாரையும் போகவிடவில்லை என்றும் சொன்னார்கள். என் மேசையில் இரத்த மாதிரிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. யாருக்கு எந்த இரத்தம் பொருந்தும் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். பார்த்தேன். பின்னேரம் வரை பார்த்தேன். ஒன்றைக்கூடப் பிழையாக வாசிக்கவில்லை. நாவற்குடாவிலிருந்து அக்கா வந்து வாசலில் நின்றபோது, "இந்த நாலையும் முடிச்சிட்டு வாறன்" என்று நான் சொன்னேனாம். எனக்கு அது ஞாபகமில்லை. அக்கா பிறகு சொல்லித்தான் தெரியும்.

கணவரை மூன்றாம் நாள் கண்டெடுத்தோம். மகள் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நாவற்குடாவில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போய் வந்தேன். அழவில்லை. அக்கா அதற்காகவே என்னைக் கோயில்களுக்கும் ஒரு மனநல வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு போனார். போன இடமெல்லாம் கேட்டதற்குப் பதில் சொன்னேன். சாப்பிட்டேன், தூங்கினேன். பெலத்த காய்ச்சல் விட்ட பிறகு நாக்கில் ருசி தெரியாமல் இருக்குமே, அது உடம்பு முழுக்க இருந்த மாதிரி.

நாலு வருஷம் ஆகப்போகும் நேரத்தில் மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆய்வு உதவியாளர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மட்டக்களப்பு நோயாளிகளின் மாதிரிகளும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. அந்தக் காலத்துப் பாதையையும் சோதனைச்சாவடிகளையும் நினைத்து ஆய்வுகூடத்தில் ஒருவரும் போக விரும்பவில்லை. நான் ஓம் என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் யோசிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அங்கே நான் செய்த வேலை கொழுப்பில் குமிழ் செய்வது. முட்டை மஞ்சட்கருவில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பைக் கரைத்து, உருண்டைக் குடுவையில் ஊற்றிச் சுழற்றி உலர்த்தினால், கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய ஆடையாகப் படியும். அதன்மேல் பச்சைச் சாயம் கலந்த நீரை விட்டு, சூடு காட்டி அசைத்தால், அந்த ஆடை உரிந்து தானாகச் சுருண்டு குமிழ்களாகும். ஒவ்வொன்றும் சாயத்தை விழுங்கி வைத்திருக்கும். பிறகு இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவில் மிக நுண்ணிய துளைகள் உள்ள தகட்டை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருபத்தொரு தடவை தள்ள வேண்டும். அப்போதுதான் எல்லாக் குமிழும் ஒரே அளவாகும். கடைசியில் அவற்றின் வெளிப்புறத்தில் பிறபொருளெதிரி என்ற புரதத்தைப் பொருத்துவோம். அது உடம்பின் கலங்களில், அதாவது செல்களில், ஒரேயொரு வகையை மட்டும் தேடி ஒட்டும். நாங்கள் தேடியது இரத்தப் புற்றுநோய்க் கலம். மருந்தெல்லாம் முடிந்து, சாதாரணச் சோதனையில் ஒன்றும் தெரியாத பிறகும், எலும்புக்குள் இருக்கும் மச்சையில் சில கலங்கள் மிஞ்சியிருக்கலாம். குமிழ் ஒன்று ஒட்டினால் அதற்குள் இருக்கும் சாயம் முழுவதும் சேர்ந்து ஒளிரும். ஆயிரமாயிரம் கலங்களுக்கு நடுவிலும் அந்த ஒன்று பச்சையாகத் தெரியும்.

பேராசிரியர் ஐம்பதைத் தாண்டிய சிங்களப் பெண்மணி. நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். என் கை நடுங்குவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லுவார். என் குடும்பத்தைப் பற்றி ஒரு தடவை கேட்டார். "அக்கா இருக்கிறார்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

மாதத்துக்கு ஒரு தடவை மட்டக்களப்புக்கு வந்து மாதிரிகளை எடுத்துப் போவேன். அப்படி வந்தபோதுதான் மாங்கேணிப் பெண்ணைக் கண்டேன். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கணவர் கடற்தொழில். மூன்று பெண்பிள்ளைகள். வாகரைப் பக்கம் ஷெல் விழுந்த நாட்களில் பிள்ளைகளோடு நடந்து வெளியேறி, முகாமில் இருந்து, ஊருக்குத் திரும்பி, கூரை போட்ட கையோடு பல்முரசில் இரத்தம் கசியத் தொடங்கியிருக்கிறது. கொழும்புப் பக்கத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து, மொட்டைத் தலையில் அரை அங்குலம் முடி முளைத்த நிலையில் கிளினிக்குக்கு வந்திருந்தாள். ஊசியால் இடுப்பெலும்பில் மச்சை எடுக்கும்போது ஆய்வுக்கும் கொஞ்சம் தருவாளா என்று வைத்தியர் கேட்டார்.

"இதால எனக்கு ஏதும் தெரியவருமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்கு இல்ல. இந்த முறை சரிவருமா எண்டு நாங்க படிக்கிறதுக்குத்தான்."

"அப்ப எடுங்க மிஸ். ஆருக்காவது உதவட்டும்."

அந்த மாதம் என்னால் காத்திருக்க முடியவில்லை. அவளுக்கு ஊசி போடும் நாள் தள்ளிப்போனதால் நான் முன்கூட்டியே மலைக்குத் திரும்பிவிட்டேன். மாதிரியை ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் ஒருவர் பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவதாக ஏற்பாடு. வைகாசி மாதம். எங்கள் பக்கத்தில் யுத்தம் இரண்டு வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது, வன்னியில் கடைசிக் கட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் வந்து சேர்ந்தபோது பெட்டி சுட்டது.

"செக் பொயின்ற்ல பஸ்ஸ மறிச்சிப் போட்டாங்க மிஸ். வெயிலுக்க அஞ்சு மணித்தியாலம். பெட்டியத் திறந்து ஐஸ கீழ கொட்டச் சொன்னாங்க. நான் ரத்தம் ரத்தம் எண்டு சொன்னன். ஆரும் கேக்கல்ல."

அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு மாதிரியைத் தயாரித்தேன். அடுத்த நாள் காலையில் இருட்டறைக்குள் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபோது வெளியில் வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். முதலில் ஒரு சரம், பிறகு ஊர் முழுக்க. யுத்தம் முடிந்துவிட்டது என்று நடைபாதையில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள்.

நான் கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கு பார்த்தாலும் பச்சை. நூற்றுக்கணக்கில். இந்தப் பெண் நாளைக்கே செத்துவிடுவாள் என்று சொல்லும் அளவுக்குப் பச்சை. ஆனால் ஒவ்வொரு மாதிரியிலும் இன்னொரு பங்கை, பிறபொருளெதிரி பொருத்தாத வெறும் குமிழோடு சேர்த்து வைப்பது வழக்கம். அதில் ஒன்றும் ஒட்டக்கூடாது. அதை எடுத்துப் பார்த்தேன். அதிலும் பச்சை. வெயிலில் கலங்கள் செத்துப்போயிருந்தன. செத்த கலத்தில் எது பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். முடிவு செல்லாது என்று கொப்பியில் எழுதினேன்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒரு சிங்களப் பிள்ளை கதவைத் தட்டி, வாழையிலைத் துண்டில் வெற்றிக்குப் பொங்கிய பாற்சோறு நீட்டினாள். எனக்கும் தரவேண்டும் என்று நினைத்திருக்கிறாள். நீட்டிய பிறகுதான் என் முகத்தைப் பார்த்து, நான் தமிழ் என்பது நினைவு வந்து, கையைப் பின்னால் எடுக்கவும் முடியாமல் நின்றாள். நான் வாங்கிச் சாப்பிட்டேன். உப்பு அளவாக இருந்தது.

பழுதான மாதிரிக்காக ஒருவருக்கு இரண்டாம் தடவை எலும்பில் ஊசி குத்துவது சின்ன விஷயமில்லை. அவளுடைய வைத்தியர் தயங்கினார். நானே போய்க் கேட்கிறேன் என்றேன். கிளினிக் வாங்குப் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து நடந்ததைச் சொன்னேன்.

"வெயில்ல பழுதாப் போயிற்றா?" என்றாள். மீன் பழுதானதைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். "மறுகா எடுக்கத்தானே வேணும். இந்த முறை நீங்களே கொண்டு போங்க மிஸ். அவங்களிட்டக் குடுக்காதீங்க."

அவள் குப்புறப் படுத்திருக்க, வைத்தியர் ஊசியை இறக்கினார். அவள் கத்தவில்லை. கட்டிலின் இரும்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயின. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். சோதனைச்சாவடியில் இறங்கி நடக்கச் சொன்னார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்ன படையினனிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "ஒரு தாயின் எலும்பிலிருந்து எடுத்தது, சூடானால் செத்துவிடும்" என்றேன். அவன் மூடியைத் தூக்கிப் பார்த்து, தானே திரும்ப இறுக்கி மூடினான்.

இந்த முறை வெறும் குமிழ் வைத்த பங்கு கரும் இருட்டாக இருந்தது. மற்றதையும் முதலில் இருட்டாகத்தான் கண்டேன். கண்ணாடித் தகட்டை வரிவரியாக நகர்த்திக்கொண்டே போனபோது மூலையில் ஒன்று தெரிந்தது. பச்சை வளையம். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தகடு முழுவதும் மூன்று தடவை எண்ணினேன். ஏழு.

பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவரும் எண்ணினார். அவருக்கும் ஏழு. சாதாரணச் சோதனையில் அவள் சுகம் என்று வந்திருந்தது.

"சொல்ல வேண்டும்" என்றேன்.

"இது இன்னும் நிரூபிக்கப்படாத முறை. ஏழு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது" என்றார். "வைத்தியருக்கு எழுதுகிறேன். அடுத்த சோதனையை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். நோயாளியிடம் நாங்கள் சொல்லக்கூடாது. ஆய்வுக்கு அனுமதி வாங்கியபோது அப்படித்தான் கையெழுத்து வைத்திருக்கிறோம்."

அவர் சொன்னது நியாயம்தான். அன்றே எழுதினார். வைத்தியரும் ஆறு மாதத்தில் வரவேண்டியவளை ஆறு கிழமையில் வரச்சொன்னார். ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் வந்த நாளில் நானும் மட்டக்களப்பில் இருந்தேன். கிளினிக்குக்கு வெளியே வேப்பமரத்தடியில் என்னை மறித்தாள். கணவர் மருந்து எடுக்க வரிசையில் நின்றார்.

"என்னத்துக்கு என்னை வெள்ளனக் கூப்பிட்டவங்க? டொக்டர் சும்மா எண்டு சொல்றார். அக்கா, நீங்க பாத்த ஆள். கண்டதச் சொல்லுங்க."

அதுவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டாள். கல்லடியில் என்ன நடந்தது என்று கடல் வந்த அன்று பின்னேரம் வரை யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. நானும் யாரிடமும் நேராகக் கேட்கவில்லை.

"ஏழு கலம் கண்டன்" என்றேன். "திரும்ப வரப்போகுதெண்டு அதுக்கு அர்த்தமில்ல. வராதெண்டும் சொல்ல ஏலாது. இந்த முறைய நம்பி மருந்து குடுக்க மாட்டாங்க. அதாலதான் திரும்பச் சோதிக்கிறாங்க."

"ஏழு" என்றாள். மரத்தில் சாய்ந்துகொண்டாள். "ஏழெண்டா கொஞ்சந்தானே அக்கா?"

"கொஞ்சந்தான்."

"பெரியவள் வயசுக்கு வந்திட்டாள். நான் ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள. தண்ணி வாக்கவும் நான் இல்ல." பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குப் பிள்ளைகள்?"

"ஒரு மகள். கடல் கொண்டு போயிட்டு. அவரையும்." சொல்லிவிட்டு, "அவரக் கண்டெடுத்தம். மகளக் காணல்ல" என்றேன். அந்த நாலரை வருஷத்தில் நானாக அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சில் ஒன்றும் இளகவுமில்லை. அவள் என் கையைப் பிடித்தாள். கணவர் மருந்துப் பையோடு வரும் வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த மாதம் நோய் திரும்பியது தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபடியால் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டோம் என்று வைத்தியர் சொன்னார். அவள் மறுபடி கொழும்புப் பக்கம் போய், மறுபடி மொட்டையாகி, மறுபடி வந்தாள். நான் விதியை மீறினேன் என்பதைப் பேராசிரியரிடம் நானே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த அனுமதியில் என் கையெழுத்தும் இருக்கிறது" என்றார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வருஷம் ஆய்வு முடிந்தது. கலங்களைத் தானாகவே எண்ணும் இயந்திரங்கள் வந்துவிட்டன, எங்கள் குமிழ்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நான் பழைய ஆய்வுகூடத்துக்குத் திரும்பினேன்.

அதன் பிறகு அவள் ஐந்து வருஷம் இருந்தாள். பெரியவளுக்குக் கலியாணம் செய்துவைத்தாள். நான் போயிருந்தேன். மகளின் கூறைச்சேலைக் கொசுவத்தைத் தனக்கு மடிக்கத் தெரியவில்லை என்று என்னை மடிக்கச் சொன்னாள். நோய் மூன்றாம் தடவை வந்தபோது மருந்து எடுபடவில்லை.

மாங்கேணியிலிருந்து அவள் கணவர் போனில் சொன்னார். நான் சரி என்றேன், பிரேதத்தை எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன். அலுவலகத்துக்குப் போய் லீவுப் படிவம் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் மரணவீடு என்று போட்டேன். கிளார்க் வாசித்துவிட்டு, "செத்த ஆள் உங்களுக்கு என்ன முறை மிஸ்?" என்று கேட்டார்.

"தங்கச்சி" என்றேன்.

அவர் கையெழுத்து வைத்துத் தந்தார்.