ராசாத்திக்கு பிரேக் மாற்றிய கதை

பிரேக் வேலையில் ஒரு சங்கடம் உண்டு: ஒழுங்காகச் செய்தால் யாரும் நம்மைத் தேடி வர மாட்டார்கள், ஒழுங்காகச் செய்யாவிட்டால் தேடி வர ஆளே இருக்க மாட்டார். விருதுநகரில் சாத்தூர் ரோட்டோரம் பட்டறை வைத்து, டிரம்முக்குள் தலையை விட்டுக் கறுப்புத் தூசியைத் தின்று காலம் தள்ளுகிற எனக்கு இது ரொம்ப நாளாகத் தெரியும். வயரிங்காரர்களே, டிங்கர்களே, பஞ்சர் கடைக்காரர்களே, உங்களுக்கும் உயிரை வாங்கவென்றே ஒரு வாடிக்கையாளர் வாய்த்திருப்பார். எனக்கு வாய்த்தவர் ஏழாயிரம்பண்ணை பால்ச்சாமி அண்ணாச்சி. அவருடைய லாரியின் பெயர் ராசாத்தி.

முதல் வருகை

ராசாத்தி, மூக்கு நீண்ட அந்தக் காலத்து லாரி. அண்ணாச்சியின் அப்பா வாங்கியது. சிவகாசியில் காலி அட்டைப்பெட்டியும் காகிதக் குழாயும் ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்குவதுதான் அதன் பிழைப்பு. முதன்முதலாக என் பட்டறைக்கு வந்த அன்று அது பட்டறையைத் தாண்டி, பக்கத்துப் பரோட்டாக் கடையையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. போகிற போக்கில் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் குதித்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். கையில் ஒரு வேலமரக் கட்டை. வண்டியோடு கூடவே ஓடி, பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சொருகிவிட்டு வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். ராசாத்தி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அவர் பெயர் சுடலை. சம்பளத்துக்குக் கிளீனர், வேலைக்கு பிரேக்.

டிரைவர் சங்கரபாண்டி, ஹேண்ட் பிரேக் கம்பியில் காயப்போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடி இறங்கினார். அந்தக் கம்பியால் வேறு உபயோகமும் உண்டு என்பது அவருக்கு மறந்துபோய்ப் பல வருடம் ஆகியிருந்தது. வண்டி நின்றால் சுடலை கட்டை போட்டுவிடுவார், அப்புறம் கம்பி எதற்கு? நான் வாயைத் திறப்பதற்குள், அவர் பின்னாலேயே இறங்கிய அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"பிரேக் இல்லைன்னு சொல்லிராதீக பாய். இருக்கு. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லணும், அம்புட்டுத்தான்."

முன்னாலா, பின்னாலா?

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடியப் போகிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ராசாத்தி ஒழுங்காக நின்று காட்டாவிட்டால், அது அடுத்து நிற்கப்போகிற இடம் பழைய இரும்புக் கடைதான். ஆனால் செலவும் கையைக் கடிக்கக் கூடாது. இருந்த ஏற்பாட்டில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன். ஒரு இடத்தில் ஒழுகினால் மொத்தமும் அம்போ. அதனால் முன்னுக்கு ஒரு லைன், பின்னுக்கு ஒரு லைன் என்று பிரித்து, மிதிக்கிற பாரத்தைக் குறைக்க ஒரு பூஸ்டரும் வைத்து, டிரம்மை லேத்தில் கடைந்து, அதை உரசிப் பிடிக்கப் புது லைனர் அடித்துவிடலாம் என்று விளக்கினேன். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூக்கையும் வாலையும் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பின்னாடி மட்டும் போடுங்க பாய். பின்சக்கரம் நின்ன பெறகு முன்சக்கரம் மட்டும் தனியா எங்கன போயிரப் போகுது?"

அடிபட்ட பஸ்

புதுப் பூஸ்டரின் விலையைச் சொன்னதும் அண்ணாச்சிக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. சரி, பழசாவது பார்ப்போம் என்று இரும்புக் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே உடைப்பதற்காக ஒரு பள்ளிக்கூட பஸ் நின்றது. பூஸ்டர், இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டர், வேக்குவம் பம்ப் எல்லாம் அருமையாக இருந்தன. ரப்பர் சாமான்களை மட்டும் புதிதாகப் போட்டால் போதும். ஆனால் பஸ் அப்பளமாக நொறுங்கியிருந்ததைப் பார்த்ததும் அண்ணாச்சி என்னை முறைத்தார். "நிக்காமப் போய் முட்டுன வண்டிச் சாமானை என் தலையில கட்டப் பாக்கீகளா?" என்று கோபித்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். கடைக்காரர் நிதானமாக எழுந்து போய், அவர் தோளைப் பிடித்துத் திருப்பிப் பஸ்ஸின் பின்பக்கத்தைக் காட்டினார்.

"அடி எங்கன இருக்குன்னு பாருங்க அண்ணாச்சி. ஷெட்டுக்குப் போற காலி பஸ்ஸு. இது டக்குனு நின்னுச்சு, பின்னால வந்தவன் நிக்கல. பிரேக்குக்கு இதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட் வேணும்?"

சுடலை வாங்கிக் கொடுத்த டீ

வேலை பாதியில் இருக்கும்போது சுடலை தனியாக வந்தார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணாச்சி சொல்லிவிட்டாராம்: பிரேக் பிடித்தால் கட்டை எதற்கு, கட்டை இல்லையென்றால் நீ எதற்கு என்று. யோசித்துப் பாருங்கள். எஃப்.சி. கிடைக்காவிட்டால் வண்டி போகும், வண்டியோடு சுடலையின் வேலையும் போகும். எஃப்.சி. கிடைத்தால் வண்டி இருக்கும், சுடலையின் வேலை மட்டும் போகும். "இந்த வயசுல கம்பெனியில புதுசா யாரு பாய் சேப்பாக? எனக்கு வெடிமருந்து வாடையும் ஆகாது" என்றார். நான் டீயைக் கீழே வைத்தேன். நான் ஒழுங்காக வேலை செய்வதால் ஒருவருக்குக் கேடு வரும் என்று அதுவரை நினைத்ததே கிடையாது.

பிரேக்கில் விளையாட முடியாதே சுடலை என்றேன். அவருக்கும் அது தெரியும். போகும்போது வாசலில் நின்று கடைசியாக ஒன்று கேட்டார்.

"இன்ஸ்பெக்டர் முன்னாடி முழுசாப் பிடிக்கட்டும் பாய். மத்த நாள்ல நம்மளுக்கும் கொஞ்சம் விட்டு வைங்க."

சங்கரபாண்டியின் கால்

வேலை முடிந்ததும் அட்டைப்பெட்டி லோடோடு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஓட்டிப் பார்த்தோம். நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். அந்தக் கம்பெனிக்குப் போகும்போது சங்கரபாண்டி எங்கே பிரேக்கை மிதிப்பார் தெரியுமா? கேட்டுக்கு ஒரு பர்லாங் முன்னால் ஒரு வேப்பமரம் வரும், அங்கே. அதுவும் சீட்டை விட்டு எழுந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் மிதிப்பார். இத்தனை வருடப் பழக்கம் லேசில் போகுமா? அன்றைக்கும் அப்படியே ஏறி மிதித்தார். ராசாத்தி மிதித்த இடத்திலேயே நின்றது. என் நெற்றி கண்ணாடியில் மோதியது. அண்ணாச்சியின் தூக்குச்சட்டிச் சாம்பார் டேஷ்போர்டு சாமி படத்துக்கு அபிஷேகமானது. கூரைக்கு மேலே பறந்து வந்த காலிப் பெட்டிகள் மூக்கின் மேல் வரிசையாக உட்கார்ந்தன. மறுபடி கிளப்பினார், மறுபடி எழுந்து மிதித்தார். இப்படியே தத்தித் தத்தி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கேட்டில் வாட்ச்மேனைக் காணோம். ராசாத்தியின் ஹாரன் கேட்டால் பெட்டி இறக்கும் கொட்டகைக்கு முன்வாசல், பின்வாசல் இரண்டையும் திறந்துவைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது அவருடைய வழக்கம். மருந்து ரூம்களெல்லாம் வெகுதூரம் தள்ளி இருப்பதால், நிற்காவிட்டால் வந்த வேகத்திலேயே நேராகப் பின்வாசல் வழியே வெளியே போகட்டும் என்று விட்டுவிடுவார். வண்டி நின்று, இன்ஜினையும் அணைத்தாயிற்று. அப்போதும் அவர் மரத்தை விட்டு வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"ஏலே சங்கரபாண்டி, வண்டி நின்னுருச்சா, இல்ல இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கா?"

பிரேக் இன்ஸ்பெக்டர்

எஃப்.சி. அன்று மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் இளம் வயதுக்காரர், சிரிக்காதவர். "கோட்டில் நிறுத்துங்க" என்றார். இதற்குள் சங்கரபாண்டியை ஒற்றைக் காலால் மிதிக்கப் பழக்கிவிட்டிருந்தேன். ராசாத்தி வந்தது, கோட்டில் கச்சிதமாக நின்றது. நின்ற அதே நொடியில், டீக்கடைப் பக்கம் நின்றிருந்த சுடலை பறந்து வந்து சக்கரத்தில் கட்டையைச் சொருகிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பிரேக் சத்தம் காதில் விழுந்தால் கால் தானாக ஓடும். "வண்டியை நிறுத்தினது பிரேக்கா, இவரா?" என்று கேட்டு இன்ஸ்பெக்டர் திரும்ப ஓட்டச் சொன்னார். இரண்டாம் தடவை நான் சுடலையின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். கடைசியில் இன்ஸ்பெக்டரே கட்டையைப் பிடுங்கி என் டூல்ஸ் பெட்டிக்குள் போட்டுப் பூட்டச் சொன்னார். மூன்றாம் தடவை ராசாத்தி தனியாக, சுத்தமாக நின்றது. பாஸ்.

அண்ணாச்சி எல்லாருக்கும் டீ சொன்னார். அந்தச் சந்தோஷத்திலும் மறக்காமல், "சுடலை, இன்னியோட கணக்கை முடிச்சுக்குவோம்" என்றார். சுடலை என் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அண்ணாச்சியின் டீயைக் கொட்டிவிடலாம் போல ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் ராசாத்தி நகர்ந்தது. மைதானம் வாசல் பக்கம் சரிவு. டீ வந்ததும் சங்கரபாண்டி வழக்கம்போல இறங்கிவிட்டார். ஹேண்ட் பிரேக்கையும் நான் புதிதாக்கிக் கொடுத்திருந்தேன். அவர் அதில் துண்டைக் காயப்போட்டிருந்தார். கட்டை போட ஆள் இருக்கிறார் என்று அவர் நினைப்பு. ராசாத்தி சத்தமில்லாமல், நேராக இன்ஸ்பெக்டரின் ஜீப்பை நோக்கி இறங்கியது. ஜீப்புக்குள் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் கத்தினோம், அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. சுடலை கத்தவில்லை. கட்டை பூட்டிக் கிடக்கிறது, சாவி என் பையில். அவர் பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடிப் பின்சக்கரத்தில் வைத்தார். பெட்டி நசுங்கியது, ஸ்பேனர்கள் நெளிந்தன, உள்ளே இருந்த கட்டை தட்டுப்பட்டதும் ராசாத்தி நின்றது. ஜீப்புக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம்.

இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தி, கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்த லாரி மூக்கைப் பார்த்தார். பிறகு சுடலையைப் பார்த்தார். "இந்த ஆள் இல்லாம இந்த வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஜீப்பைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சிக்கு வேர்த்து ஊற்றியது. சுடலையின் தோளைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"சுடலை, நாளைக்கு வெள்ளன வந்துரு. பாய், நீங்க அந்தக் கட்டைக்கும் ஒரு லைனர் அடிச்சுக் குடுத்துருங்க."

பிரேக்கெல்லாம் நான் சரியாகத்தான் பொருத்தியிருந்தேன். அதைப் பிடிக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்பதை மட்டும் கொட்டேஷனில் எழுத விட்டுப்போய்விட்டது.