அலமாரிக்குள் பாடிய பாட்டு

என் அண்ணி துணி அலமாரிக்குள் தலையை விட்டுத்தான் பாடுவாள். தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும், பதிவு சுத்தமாக வரும் என்று அண்ணன் எங்கோ பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தான். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கீழ்வீட்டு மிக்ஸி ஓயும்வரை காத்திருந்து, வியர்வை சொட்டச் சொட்டப் பாடிவிட்டு வெளியே வருவாள். இணையத்தில் கேட்டவர்கள், "என்னமா அனுபவிச்சுப் பாடியிருக்காங்க!" என்று எழுதுவார்கள். அனுபவித்தது உண்மைதான், புழுக்கத்தை.

இருவரும் சுயாதீன இசைக் கலைஞர்கள். எந்தக் கம்பெனிக்கும் அடிமை இல்லை என்று அதற்கு அர்த்தமாம். ஆகவே, கைப்பேசி வைத்திருக்கும் எல்லோருக்கும் அடிமை. காலையில் அண்ணி திரையில் தெரியும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். பிள்ளை வாயசைப்பதற்கும் சத்தம் வந்து சேர்வதற்கும் நடுவே தாளம் செத்துப்போகும். மதியம் குழாய்க் கடைக்கும் பல் மருத்துவருக்கும் விளம்பரப் பாட்டு. சொத்தைப் பல்லுக்காக உருகிய குரலில் மிச்சம் இருந்தால், சாயங்காலம் சொந்தப் பாட்டு.

அப்படி வந்ததுதான், வேலைக்குப் போன அம்மாவுக்காக ஜன்னலில் காத்திருக்கும் குழந்தையின் பாட்டு. வரிகளும் மெட்டும் அண்ணியுடையவை. சின்ன வயதில் அந்த ஜன்னலில் நின்றதும் அவள்தான்.

பாட்டு வெளியாகும் முன்பே அண்ணன் ஒரு காரியம் செய்தான். இசையில் ஜெயிப்பது எப்படி என்று இணையத்தில் வகுப்பெடுக்கும் ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். அவர் பாடி நான் கேட்டதில்லை, யாருமே கேட்டதில்லை. "பாட்டுல ஒரு துண்டை இலவசமாக் கொடுங்க, உலகம் உங்களைத் தேடி வரும்" என்றாராம். அண்ணன் பல்லவியை மட்டும் வெட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டான்.

உலகம் தேடித்தான் வந்தது. எவனோ ஒருவன் அந்தப் பல்லவியை எடுத்து, டமடமவென்று தாளம் சேர்த்து, நடுநடுவே "ஹேய்" என்று கத்தி, தன் பெயரில் பதிவு செய்துகொண்டான். அதில் அவனுடைய சொந்தக் கற்பனை அந்த "ஹேய்" மட்டும்தான். பேருந்திலும் தேநீர்க் கடையிலும் அது ஓடியது. பிறகு அண்ணி முழுப் பாட்டைத் தங்கள் இணைய சேனலில் வெளியிட்டாள். மூச்சு விடுவதற்குள் தளத்திலிருந்து தகவல் வந்தது: இது ஏற்கெனவே பதிவான பாட்டின் நகல், நீக்கிவிட்டோம். சரணத்தை ஒரு காதும் கேட்கவில்லை.

"நீதானடா படிச்சவன், எழுது" என்றான் அண்ணன்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பிழையில்லாத ஆங்கிலத்தில், பணிவும் நியாயமுமாக எழுதி அனுப்பினேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பதில்: 'உங்கள் முறையீட்டைக் கவனமாகப் பரிசீலித்தோம்.' மனிதப் பிறவி எதுவும் அதைப் படித்திருக்க வழியில்லை. ஓர் இயந்திரத்துக்கு 'தங்கள் உண்மையுள்ள' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதற்கா படித்தேன்? பட்டம் வாங்கியதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான். அன்று கொஞ்சம் உரக்கக் கேட்டது.

"மறுபடி எழுதினா சேனலையே மூடிடுவாங்களாம். போனாப் போகுது, விடு" என்றான் அண்ணன்.

"ஏங்க, பிள்ளையத் தூக்கிட்டுப் போனவன் நம்ம மேலயே புகார் கொடுக்கறான். விடுன்னு சொல்றீங்களே!"

"எடுத்துக்கோன்னு நாமதானே போட்டோம்."

"நாம இல்ல. நீங்க."

அண்ணன் மைக் கேபிளைச் சுருட்டத் தொடங்கினான். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவன் கேபிள் சுருட்டுவான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு கைப்பேசிக் கடைத் திறப்பு விழாவில் கச்சேரி. கச்சேரி என்றால், தள்ளுபடிப் பலகைக்குக் கீழே இரண்டு நாற்காலி. ஸ்பீக்கர் தூக்க நானும் போயிருந்தேன். கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கடைக்காரர் வந்தார்.

"ஏம்மா, அந்த ஜன்னல் பாட்டு வருமா? நடுவுல ஹேய்னு கத்துவானே, அது."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

"வரும்" என்றாள் அண்ணி.

பல்லவியைப் பாடினாள். கடைக்காரர் "ஹேய்" போட வாயைத் திறந்து திறந்து பார்த்தார், இடம் கிடைக்கவில்லை. பல்லவி முடிந்ததும் கைதட்டினார். "அடேயப்பா, அப்படியே ஒரிஜினல் மாதிரியே இருக்கே! இன்னும் கொஞ்சம் பழகினா எங்கயோ போயிடுவம்மா."

"ரொம்ப நன்றி சார்" என்று அண்ணன் கும்பிட்டான். அந்தக் கேபிளாலேயே அவனைக் கட்டிப் போட்டிருக்கலாம்.

அண்ணி யாரையும் பார்க்காமல் சரணத்துக்குப் போனாள். தெருவிளக்கு எரிந்த பிறகும் அம்மா வராத இடம் அது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கண்ணாடிப் பெட்டி அருகே விலை பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பினாள். அண்ணன் படம்பிடிக்கக் கைப்பேசியை உயர்த்தினான். பாடிக்கொண்டே அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கைப்பேசி சட்டைப்பைக்குத் திரும்பியது.

பாடி முடித்ததும் கடைக்காரர் சந்தேகத்தோடு கேட்டார். "கடைசியில பாடினது அந்தப் பாட்டுல இல்லையேம்மா?"

"இல்லதான் சார்" என்றாள் அண்ணி. "ஹேய்னு கத்தினவனுக்கு அது தெரியாது."