ஈரத்துணியில் வெளுத்த பச்சை

என் கோப்பில் நான்கு கடிதங்கள் உள்ளன, தேதிவாரியாக அடுக்கியிருக்கிறேன். நான்கும் குக்காவின் பூச்சியைப் பற்றியவை. பாலைவன நகரமான காபோர்காவுக்கு வடக்கே, எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் கோதுமை ரொட்டி சுட்டு விற்கும் ரெஃபூஹியோ நொரியேகா அம்மாளை எல்லோரும் குக்கா என்றே அழைக்கிறோம்.

ஒரு மார்ச் மாதம், வேலியோர மஞ்சள் பூவில் ஓர் இதழ் நடந்துபோவதை அவர் கண்டார். உற்றுப் பார்த்தால், இதழ்த் துணுக்குகளைக் கடித்து முதுகில் ஒட்டிக்கொண்ட புழு. அதைச் சிவப்புப் பூவுக்கு மாற்றினார். மறுநாள் அது சிவப்பு உடுத்தியிருந்தது.

"அண்ணே, எம் மருமவகிட்டகூட இத்தன உடுப்பு கெடையாது," என்று மாவுக் கையோடு என்னிடம் ஓடிவந்தார்.

அந்தப் புழு பின்னர் விரல்நகம் அளவுள்ள பச்சை அந்துப்பூச்சியாயிற்று.

மாநிலத் தலைநகரில் பாலைவன உயிர்களின் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அந்தப் பூச்சி, கண்டவர் என்று தம் பெயரோடு ஏற வேண்டும் என்பது குக்காவின் ஆசை. இறந்த பூச்சியை அவர் பொதிந்தார். விண்ணப்பத்தை நான் எழுதினேன். பதில் வந்தது: "மாதிரி வைக்கோல் நிறம். பச்சை அன்று." இரண்டாம் முறையும் அதுவே. மூன்றாவதில் ஒரு வரி கூடுதல்: "கடிதம் எழுதுபவர் தம் கண்ணைச் சோதித்துக்கொள்வது நலம்." அவ்வரியின் கீழ்ச் சிவப்புக் கோடிட்டு, கண் மருத்துவரின் சான்றிதழையும் இணைத்துள்ளேன்.

நான்காம் முறை அவர் பொதிவதை அருகிருந்து பார்த்தேன். ரொட்டியைச் சுற்றுவதைப் போலவே பூச்சியை ஈரத்துணியில் சுற்றினார்.

"ஈரத்துணி எதுக்கு?"

"காஞ்சா நொறுங்கிடாதா? நம்மூர்ல எதத்தான் ஈரத்துணி இல்லாம அனுப்புறோம்?"

அனுப்பாமல் வைத்திருந்து மறுநாள் பிரித்தோம். வைக்கோல் நிறம். குக்கா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மூணு தடவையும் நானே வெளுத்து அனுப்பியிருக்கேன். பாவம்ணே ஒங்க கண்ணு."

இம்முறை ஏழு கூட்டுப்புழுக்களை உலர்ந்த பெட்டியில் வைத்து, பேருந்து ஓட்டுநர் எலியோதோரோவிடம் கொடுத்தார்.

"ரொட்டின்னு தின்னுடாதடா."

"ஈரத்துணி இல்லியேக்கா. அப்பவே ரொட்டி இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

நான்காம் கடிதம் பன்னிரண்டாம் நாள் வந்தது: "ஏழும் வெளிவந்துவிட்டன. பச்சை. ஒன்று எங்கள் அலுவலக இயக்குநரின் மூக்குக்கண்ணாடியில் அமர்ந்திருப்பதால் அவர் அசைய மறுக்கிறார். பதிவு செய்யப்பட்டது, கண்டவர்: ரெ. நொரியேகா." என் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வரவேண்டிய மன்னிப்புக்காகக் கோப்பில் ஓர் இடம் விட்டிருக்கிறேன்.

குக்கா கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு நிறுத்தத்தை மூன்று முறை சுற்றி ஆடினார். அடுப்பில் ரொட்டி கருகியது. தாளெங்கும் அவருடைய மாவு விரல்கள் பதிந்துவிட்டன. துடைத்துத் தருவதாக ஈரத்துணியை எடுத்தார். நான் விடவில்லை.