தெற்குக்கு வக்காலத்து

இந்த வளைகுடா நாட்டில், ஃபஹாஹீலில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு என் கணவரின் ஊர்க்காரர் ஒருவர் தவறாமல் வருவார். எண்ணெய்க் கம்பனியில் இஞ்சினியர், நான் அண்ணை என்று கூப்பிடுவேன். மனைவியையும், தன் வீட்டில் வேலை செய்யும், எங்கள் நாட்டு மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணையும் கூட்டி வருவார். விருந்துக்குப் போகிற வீட்டில் சமையலுக்குக் கைகொடுக்க ஆளையும் கொண்டுபோவது எங்களாட்கள் இங்கே பழகிக்கொண்ட மரியாதை. அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள். "அக்கா, அடுத்த மாசம் ஊர்ல மகளுக்குக் கல்யாணம். லீவு கேட்டா ஐயா பேசவே மாட்டேங்கிறாரு. பாஸ்போர்ட்டும் அவருகிட்டதான் இருக்கு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு."

வயிறு நிறைந்தபிறகு கேட்டால் மனம் இளகும் என்று பொறுத்திருந்தேன்.

சாப்பாடு முடிய, என் மகள் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசவேண்டுமாம், எங்களுக்கு முன்னால் ஒத்திகை. தெற்கு மாநிலங்கள் பிரிந்தன, துறைமுகக் கோட்டையில் முதல் குண்டு விழுந்தது, வடக்கு கடலை மறித்தது என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போனாள். அண்ணை கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொறு பிள்ளை. பிரிஞ்சு போறம் எண்டதில என்ன பிழை? போக விருப்பப்பட்டவனை மறிக்க இவன் ஆர்?"

என் கணவரும் தலையாட்டினார். அவ்வளவுதான், எங்கள் தனிநாட்டுப் போரில் கப்பல் வராத காலமும் மண்ணெண்ணெய் கிடைக்காத காலமும் மேசைக்கு வந்துவிட்டன. உலகத்தில் எவன் தனிநாடு கேட்டாலும் இவர்களுக்கு அவன் சொந்தக்காரன். எதற்காகக் கேட்டான் என்று பார்க்கமாட்டார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பங்கருக்குள் நானும்தான் கிடந்தேன். அதற்காகப் பருத்தித் தோட்ட முதலாளிக்கு நான் ஏன் அழவேண்டும்?

"அங்கிள், ஸ்லேவ்ஸை வச்சிருக்கத்தான் அவை பிரிஞ்சவை. அவையே அப்பிடி எழுதி வச்சிருக்கினம்," என்றாள் மகள்.

"உது போரில வெண்டவன் சொன்ன கதை."

அவள் விடவில்லை. விடுதலைப் பிரகடனம், வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினத்தவர்கள், தெற்கை எரித்துக்கொண்டு போன படை, கடைசியில் சரணடைவு என்று கடகடவென்று சொல்லி முடித்தாள். எரித்த இடத்தில் மட்டும் அண்ணைக்குக் கண் கலங்கியது.

மனம் இளகிவிட்டது என்று நினைத்து நான் தொடங்கினேன். "அண்ணை, மகளின்ரை கலியாணத்துக்குப் போகவேணுமாம் அவ. பாஸ்போர்ட்டைக் குடுத்து விடுங்கோவன்."

"உங்களுக்குத் தெரியாது தங்கச்சி. விட்டா திரும்பி வராது. நான் விசா எடுத்துக் கூப்பிட்ட ஆள். கொன்ட்ராக்ட் முடியட்டும், பாப்பம். வீட்டில ஆர் சமைக்கிறது?"

"போக விருப்பப்பட்ட ஆளை மறிக்கக்கூடாதெண்டு இப்பதானே சொன்னீங்கள்?"

"அது அரசியல். இது வீட்டு விஷயம்," என்றார், பல்லைக் குத்தியபடி.

என் கணவர் அவசரமாகத் தேத்தண்ணி கேட்டார். மலையகப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தட்டுகளை அடுக்கினாள். அதன்பிறகும் அண்ணையிடம் போனில் கேட்டுப் பார்த்தேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

தன் மகளின் கல்யாணத்தை அவள் அண்ணையின் குசினி அடுப்பருகில் நின்று போனில் பார்த்தாள். பெண்ணுக்குப் பட்டுச்சேலை அவரே வாங்கி அனுப்பினாராம். தாலி கட்டும் நேரத்தில் அவளுக்கு ஒரு வேலையும் சொல்லவில்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் மேசையில் சோற்றைப் பிசைந்துகொண்டே, இரண்டையும் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.