ஹோல்ட் பொத்தான் கேட்ட கதை

என் சுயவிபரக் கோவையில் நான்கு பதவிப்பெயர்கள் இருக்கின்றன. வரிசைப்படி:

டெஸ்டிங் அசிஸ்டன்ட்
கியூ.ஏ. எஞ்சினியர்
சீனியர் கியூ.ஏ. எஞ்சினியர்
கியூ.ஏ. லீட்

கியூ.ஏ. என்றால் மென்பொருளின் தரம் பார்ப்பது. நான்கும் ஒரே நாற்காலியில் இருந்து வாங்கியவை. மட்டக்களப்பு நகரில், வாவிப் பக்கம் யன்னல் உள்ள ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். இப்போது நேர்முகத்துக்கு வரும் பிள்ளைகள் சம்பளத்துக்கு முன்பே கேட்பது, "அக்கா, என்ன பேர்ல போஸ்ட் தருவீங்க?" என்பதுதான். அதைச் சின்னத்தனமான கேள்வி என்று நான் நினைப்பதில்லை. முதல் ஆறு மாதமும் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1. கடிதம்

முதல் நாள் காலை எங்கள் மனேஜர் டெரிக் சேர் நியமனக் கடிதத்தை நீட்டினார். 'டெஸ்டிங் அசிஸ்டன்ட், தகுதிகாண் காலம் ஆறு மாதம்.' நான்கு வருடம் படித்த பட்டம் என்னிடம் இருந்தது. என்னோடு படித்தவள் கொழும்பில் 'எஞ்சினியர்' ஆகி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"சேர், இதுல அசிஸ்டன்ட் எண்டு இருக்கு. நான் ஆருக்கு அசிஸ்டன்ட்?"

டெரிக் சேர் யோசித்தார். நிறுவனத்தில் வேறு டெஸ்டரே இல்லை. "இப்போதைக்கு உங்களுக்கு நீங்களே அசிஸ்டன்ட் பிள்ளை. சைன வைங்க, மறுகா பாப்பம்."

கையெழுத்திட்டேன். மனதுக்குள் வலித்தது உண்மை. ஆனால் உண்மையான வித்தியாசம் அன்று மத்தியானம்தான் தெரிந்தது. பிழைகளைப் பதியும் மென்பொருளில் ஒவ்வொரு பதவிக்கும் ஒவ்வொரு அனுமதி. என்னால் பிழையை எழுதலாம், படம் இணைக்கலாம். 'பிளாக்கர்', அதாவது இது தீரும்வரை வெளியிடக் கூடாது என்று குறிக்க முடியாது. வெளியீட்டை நிறுத்தும் 'ஹோல்ட்' பொத்தான் என் திரையில் சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அழுத்திப் பார்த்தேன். டெஸ்டர் அல்லவா.

2. எல்லாம் பச்சை

ஐந்தாவது மாதம் ஒரு விவசாய அமைப்பின் வேலை வந்தது. மழை குறைந்த சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். எந்த வயலுக்கு எந்த நாள் என்பதை முதல் நாளே கைபேசிக்குச் செய்தியாக அனுப்புவது எங்கள் மென்பொருளின் வேலை. முறையைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கதிர் தள்ளக் காத்திருக்கும் குடலைப் பயிர் காய்ந்துவிடும்.

எழுதியவர் காத்தான்குடி ஷிபான். சுத்தமான கை. அமைப்பு தந்த பட்டியலில் இருந்த இருநூற்றுச் சொச்சம் எண்களுக்கும் சோதனைச் செய்தி அனுப்பினோம். ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்தது. அறிக்கை முழுக்கப் பச்சை.

"பாத்தீங்களா அசிஸ்டன்ட் மேடம்? ஒரு சிவப்புக் கூட இல்ல," என்றார் ஷிபான். அந்தப் பெயரைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வது அவருடைய பொழுதுபோக்கு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பச்சையாக வந்தவற்றில் பத்தை எடுத்துக் கையால் பார்ப்பேன். இந்த முறை பத்து எண்களை எழுதிவைத்து ஒவ்வொன்றாக அழைத்தேன்.

முதலாவது, காத்தான்குடி புடவைக் கடை. பின்னால் துணி கிழிக்கும் சத்தம். "ஓம் ஓம், மெசேஜ் வந்திச்சி. வயலா? அத நான் குத்தகைக்குக் குடுத்திட்டனல்லவா? கொஞ்சம் இரிங்க புள்ள... அந்த நீலத்த எடுத்துக் காட்டுடா!"

மூன்றாவது எண்ணில் ஒரு பெண்மணி. "இது மருமகன்ட நம்பர் மகள். அவர் கட்டார் நாட்டுல. மெசேஜ் வந்தா நான் அழிச்சிருவன். எல்லாம் கம்பனிக்காரனுகள் அனுப்புறதுதானே?"

ஐந்தாவது எண்காரர், "நீங்க ஆரு பேசுறீங்க?" என்றார். அசிஸ்டன்ட் என்றேன். "அப்ப பெரியாள்க்கிட்டக் குடுங்க," என்று சொல்லிக் காத்திருந்தார். பெயருக்கும் ஒரு விலை உண்டு என்று குறித்துக்கொண்டேன்.

பத்தும் முடிந்தபோது கணக்கு இது: வயலைச் செய்பவர்கள் நான்கு பேர். மற்ற ஆறு பேரும் காணியின் சொந்தக்காரர்கள் மட்டும். பட்டியல் காணிப் பதிவில் இருந்து எடுத்தது. ஆகவே தண்ணீர் வரும் சேதி, வரம்பில் கால் வைக்காதவரின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஷிபானிடம் காட்டினேன். "இது பக் இல்ல. அவங்க தந்த நம்பருக்கு அனுப்பியாச்சு. என்ட கோட்ல பிழை இருக்கா, சொல்லுங்க."

"கோட்ல பிழை இல்ல. ஆனா தண்ணி வீணாப் போகும்."

பிழையாகப் பதிந்தேன். என் பதவிக்கு அனுமதித்த அதிகபட்ச அளவு 'நடுத்தரம்'. எழுத்துப் பிழைக்கும் அதே அளவுதான். திங்கட்கிழமை வெளியீடு. அதே வாரம் என் தகுதிகாண் காலம் முடிகிறது.

3. ஓட்டமாவடி பஸ்

சனிக்கிழமை என் ஊரான தேற்றாத்தீவில் இருந்து புறப்பட்டு, நகரில் பஸ் மாறி, ஓட்டமாவடியில் இறங்கினேன். அந்த வட்டையின், அதாவது அந்த வயல்வெளியின், வட்டவிதானை றபீக் காக்காவைப் பார்க்க வேண்டும். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் அழைப்போம். ஒரு பரப்பு வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட விவசாயிகளே தெரிந்தெடுப்பவர்தான் வட்டவிதானை. மோட்டார் சைக்கிளை வாய்க்கால் கட்டில் நிறுத்திவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இந்த மெசேஜ் வந்தா என்ட வேலை போயிருமா தங்கச்சி? அத முதல்ல சொல்லுங்க."

"போகாது காக்கா. நீங்க இல்லாட்டி மெசேஜ் ஆருக்குப் போகணும் எண்டே எங்களுக்குத் தெரியல்ல."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்தது. இந்தப் போகம் எந்த வயலை யார் செய்கிறார்கள் என்று என் பட்டியலில் இருந்த பத்துக்கும் மனப்பாடமாகச் சொன்னார். போன போகம் வேறு ஆட்கள், அடுத்த போகம் வேறு ஆட்கள் என்றும் சொன்னார்.

அப்போது ஒருவர் மண்வெட்டியோடு வந்து தன் வக்கடையைத் திறக்கப் போனார். வக்கடை என்பது வரம்பில் தண்ணீர் பாய வெட்டிவிடும் வாய். றபீக் காக்கா சத்தம் போடவில்லை.

"இண்டைக்கு உங்கட முற இல்ல."

"கொஞ்சம்தான் விதானை..."

"இல்ல."

அவர் முணுமுணுத்துக்கொண்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுத் திரும்பினார். றபீக் காக்கா எவ்வளவு படித்தார், என்ன தரம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவருடைய பதவிப்பெயருக்குள் ஒரு 'இல்லை' இருந்தது. என்னுடையதில் அது இல்லை. திரும்பும் பஸ்ஸில் குறிப்புப் புத்தகத்தில் அதை மட்டும் எழுதினேன்.

4. ஒரே ஒரு கேள்வி

திங்கள் காலை டெரிக் சேர் முன்னால் பத்து எண்களின் பட்டியலை வைத்தேன். பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"பிள்ளை, அமைப்பு ஆக்கள் வந்து கீழ நிக்கிறாங்க. இண்டைக்கு முடியட்டும். நீங்க பட்டனை மட்டும் அமத்துங்க."

"ஒரு கேள்வி கேக்கலாமா சேர், தலைவர்க்கிட்ட?"

"உங்கட கன்ஃபர்மேஷன் லெட்டர் என்ட மேசையிலதான் கிடக்கு. தெரியுமா?"

"தெரியும் சேர்."

"ஒண்டு. ஒரே ஒண்டு."

அமைப்பின் தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். ஷிபான் விளக்கினார், நான் செய்தி அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். தலைவரின் சட்டைப் பையில் கைபேசி சத்தமிட்டது. எடுத்து வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எனக்கு வந்திட்டு! நாளைக்குக் காலம எங்கட வயலுக்குத் தண்ணி!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஓயும்வரை காத்திருந்தேன்.

"ஐயா, நாளைக்குக் காலம வக்கடையத் திறக்க நீங்களா போவீங்க?"

அவர் சிரித்தார். "நான் எங்க மகள் போறது! நம்மட தவம்தான் இந்தப் போகம் செய்றான்."

"தவம் அண்ணனுக்கு மெசேஜ் வந்திருக்குமா ஐயா?"

இது இரண்டாவது கேள்வி. டெரிக் சேர் என்னைப் பார்த்தார். தலைவர் கைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தவத்தை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மெசேஜா? ஒண்டும் வரல்லயே ஐயா," என்றது தவத்தின் குரல். "நான் கல்யாண வீட்டுக்கெண்டு திருக்கோணமலைக்குப் போய்க்கிட்டிருக்கன். ஏன், தண்ணி வருதா?"

வெளியீடு அந்த இடத்திலேயே நின்றது. நிறுத்தியது தலைவர்தான். டெரிக் சேர் முன்னால் கிடந்த என் பட்டியலை மேசைக்கு நடுவில் இழுத்துப் போட்டு, "இது ஆர் செய்தது?" என்றார்.

"எங்கட டெஸ்டர்," என்றார் டெரிக் சேர். அசிஸ்டன்ட் என்ற சொல்லை அவர் அன்றோடு விட்டார்.

5. நாலாவதாக

ஒவ்வொரு போகமும் வயலைச் செய்பவரின் பெயரையும் எண்ணையும் வட்டவிதானையே பதியும்படி ஷிபான் ஒரு பகுதி எழுதினார். நான்கு நாள்தான் எடுத்தது. "மேடம், இதையும் உடைச்சுக் காட்டுங்க பாப்பம்," என்றார். இரண்டு இடத்தில் உடைத்தேன். 'மேடம்' மட்டும் மிஞ்சியிருந்தது.

டெரிக் சேர் கூப்பிட்டார். "கன்ஃபர்ம் பண்ணியாச்சு. கியூ.ஏ. எஞ்சினியர் எண்டு போடவா?"

நான் ஒரு தாளோடு போயிருந்தேன்.

பிளாக்கர் குறிக்கும் அனுமதி.
ஹோல்ட் பொத்தான்.
வாடிக்கையாளரோடு நடக்கும் முதல் கூட்டத்தில் எனக்கு ஒரு கதிரை.

வாசித்துவிட்டுக் கேட்டார். "அப்ப பேர் வேணாமா?"

"வேணும் சேர். நாலாவதாப் போடுங்க."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பெரிய மனுஷித்தனமாக இருந்திருக்கும், ஆனால் பொய்யாக இருந்திருக்கும். தொலைபேசியில் "பெரியாள்க்கிட்டக் குடுங்க" என்று சொல்பவருக்கு அந்தப் பெயர் தேவை. ஆகவே வேலை தேடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பெயரைக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆனால் அதற்கு முன் அந்தப் பெயரால் எதை நிறுத்த முடியும் என்று கேளுங்கள். ஒன்றையும் நிறுத்த முடியாது என்றால் அது எழுத்து மட்டும்தான்.

என் ஹோல்ட் பொத்தான் இப்போது சிவப்பு. இதுவரை ஏழு முறை அழுத்தியிருக்கிறேன். ஒரு முறை பிழையாக. அன்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பொத்தானை யாரும் திருப்பி வாங்கவில்லை.

அந்தச் சிறுபோகம் ஒரு வக்கடையும் முறை தவறவில்லை. அடுத்த போகத்துப் பெயர்களைப் பதிய றபீக் காக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய எண் சரியா என்று பார்க்க, பக்கத்தில் இருந்தபடியே அவருக்கு அழைப்பு எடுத்தேன். மேசையில் கிடந்த அவருடைய கைபேசி அதிர்ந்து திரை ஒளிர்ந்தது. என் எண்ணுக்கு அவர் வைத்திருந்த பெயர் அதில் தெரிந்தது:

'மெசேஜ மறிச்ச புள்ள.'

சுயவிபரக் கோவையில் போட முடியாது. மற்ற நான்கும் அதற்குக் கீழேதான்.