மூட்டையோடு முன்னால் நடந்தவர்

என் பெண்ணின் கல்யாணத்தன்று காலையில், தட்டாரிடமிருந்து திருமாங்கல்யத்தை வாங்கிவர நானே போனேன். சம்பந்திகள் பார்க்கட்டும் என்று வாடகைக்குக் கார் பிடித்திருந்தேன். திரும்பும்போது சாலைக் கடைத்தெருவில் கார் நின்றுவிட்டது. முன்னால் அரிசி வண்டிகள் வரிசையாக நின்றன. மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டுபோயிருந்தார்கள். டிரைவர் ஹார்னை அமுக்கிக்கொண்டே இருந்தான். முகூர்த்தத்துக்கு அரை மணிகூட இல்லை. "மடியிலே தாலி இருக்கு, வழி விடச் சொல்லு" என்று அவனை அதட்டினேன்.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். கறுத்து உயர்ந்த உடம்பு, தலையில் சும்மாடு. வெற்றிலையை மென்றுகொண்டேதான் பேசினார்.

"அம்மா, நடந்தா முகூர்த்தம் கிட்டும். இருந்தா காருதான் கிட்டும்."

"நடந்து போனா சம்பந்தியாத்திலே சிரிப்பா."

"தாலி வராட்டி சிரிக்கமாட்டாங்களோ?"

இறங்கினேன். கால் வைக்க இடமில்லை. அவர் வீடு எங்கே என்று கேட்டு, ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். தலைச்சுமைக்காரரை அந்தத் தெருவில் யாரும் மறிப்பதில்லை. ஹார்னுக்கு அசையாத கூட்டம் அவருக்கு விலகியது.

வலியசாலையில் எங்கள் வாசலை அடைந்தபோது முகூர்த்தம் தப்பவில்லை. சாப்பிட்டுப் போகச் சொல்லத் திரும்பினேன். அவர் அதே மூட்டையோடு பாதித் தெரு தாண்டியிருந்தார். அது எங்கள் வீட்டு அரிசி இல்லை, எனக்கு வழி கிடைக்கத்தான் அதைச் சுமந்து வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நடந்தா வந்தேள்?" என்றாள் சம்பந்தி அம்மாள்.

"இல்லை, ஒருத்தர் கொண்டுவந்து விட்டார்" என்றேன்.

யார் என்று கேட்டாள். அவர் பேரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.