அம்மாவின் கண்மட்டம்

அறைகள் வரைவதுதான் என் பிழைப்பு. ஆட்கள் இல்லாத அறைகள். செல்போன் விளையாட்டுகளுக்கும் குழந்தைகள் பார்க்கும் கதை வீடியோக்களுக்கும் பின்னணி வேண்டும் என்பார்கள். உறையூர் வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கூடம், சமையலறை, அரண்மனை, ஆஸ்பத்திரி என்று எது கேட்டாலும் வரைந்து அனுப்புவேன். அடுத்தவர் வீட்டு அறையெல்லாம் கைக்கு நேராக வந்துவிடும். பிறந்த வீட்டுக் கூடம் மட்டும்தான் என்னைப் படுத்தி எடுத்தது.

அந்த வீடு ஸ்ரீரங்கத்தில், ஒரு சந்தின் முனையில் இருக்கிறது. அப்பாவின் தலைத்திவசம் முடிந்த கையோடு அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். கூடத்தின் நடுவே வாசலிலிருந்து கொல்லை வரை சுவர் எழும்பியது. சந்தைப் பார்த்த ஜன்னல்கள் இரண்டும் அண்ணன் பாகத்துக்குப் போயின. அம்மாவையும் பிரித்தார்கள். தை முதல் ஆனி வரை தம்பி வீடு, ஆடி முதல் மார்கழி வரை அண்ணன் வீடு. முறை மாறும் நாளில் அம்மா ஒரு வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, பக்கத்து வாசலில் ஏறுவாள். பின்னாலேயே அவள் பெட்டியும் தலையணையும் போகும். தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே என்று பிள்ளைகள் இருவருக்கும் துளிக்கூடக் கூச்சம் இல்லை. எனக்குத்தான் மானம் போனது.

தம்பி பாகத்துக் கூடத்தில் அம்மா தன் பழைய இடத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முட்டி வலியால் நடமாட்டம் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் அங்கே உட்கார்ந்தால் எதிரே இரண்டு ஜன்னல்களும், சந்தில் போகிற வருகிற முகங்களும் தெரியும். கோயிலுக்குப் போகிறவர்கள் ஜன்னலோரம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். இப்போது எதிரே வெறும் சுவர்.

"யாரோ எம் முன்னால வந்து நின்னுக்கிட்டு நகரவே மாட்டேங்கற மாதிரி இருக்கு," என்றாள் ஒரு நாள்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மிச்சக் கூடத்தை வரைந்து, பெரிய பிளெக்ஸாக அடித்து, அந்தச் சுவரிலேயே ஒட்டிவிட வேண்டும். தூரம் தெரியவைக்கிற பர்ஸ்பெக்டிவ் கோடுகள் சரியாக விழுந்தால் சுவர் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. சுவரை இடிக்க எனக்கு உரிமையில்லை. அதன் மேல் படம் ஒட்டுவதை யார் தடுக்க முடியும்?

அளவெடுக்க டேப்போடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். பாகம் பிரித்த வீட்டுக்குள் டேப்போடு நுழையக் கூடாது என்கிற அறிவு எனக்கு இல்லாமல் போனது. அங்கே ஏசி போட்டு, இரண்டு ஜன்னல்களையும் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். கட்டம் கட்டமாகக் கோடு கிழித்த சிவப்பு சிமெண்டுத் தரைக்கு மேல் வெள்ளை டைல்ஸ். ஜன்னல் இருந்த இடத்தில் டேப்பை நீட்டியதும் அண்ணி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

"எதுக்கும்மா அளக்குற?"

"படம் வரையறதுக்கு அண்ணி."

"படத்துக்கு எதுக்கு அளவு?"

நல்ல கேள்விதான். பதிலுக்கு அவள் நிற்கவில்லை. நான் ஏறிய பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அண்ணனின் போன் வந்துவிட்டது.

"உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சே. இப்ப என்ன டேப்பைத் தூக்கிக்கிட்டு வீட்டை அளக்க வர்ற?"

பாலத்துக்குக் கீழே காவிரி மணலாகக் கிடந்தது. நான் போனை அணைத்தேன். வாயைத் திறந்திருந்தால் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

அளவுக்கு வழியில்லை என்றானதும் என் நிச்சயதார்த்த ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். விசேஷம் அந்தக் கூடத்தில்தான் நடந்தது. ஒரு போட்டோவில் ஜன்னல்களும் உத்தரங்களும் தரைக் கட்டங்களும் ஓரளவு முழுசாக விழுந்திருந்தன. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நடுவில் நின்ற மாப்பிள்ளை வீட்டாரை ஒவ்வொருவராக அழித்தேன். அதில் எனக்குத் தனிச் சந்தோஷம் இருந்தது. பிறகு தரைக் கோடுகளை நீட்டிப் பார்த்தேன். நமக்கு நேரே உள்ளே போகிற கோடுகள் எல்லாம் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளி, பார்க்கிறவரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் விழும். போட்டோவில் கிடைத்த புள்ளியை அப்படியே வைத்துக்கொண்டு கூடத்தைக் கட்டி முடித்தேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பிறந்தநாளுக்கும் இரங்கலுக்கும் பேனர் அடிக்கிற கடையில் கொடுத்தேன். "ஆளே இல்லையே மேடம், பேராவது போடணுமா?" என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

தம்பி ஏணி மேல் ஏறி ஒட்டிக் கொடுத்தான். அதில் அவன் குறை வைக்கவில்லை. நான் எட்ட நின்று பார்த்தேன். சுவர் காணாமல் போயிருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கினாள்.

"தரை தூக்கிக்கிட்டு நிக்குதே."

நாற்காலியின் கையை ஊன்றி மெதுவாக எழுந்து நின்றாள். "இப்பச் சரியா இருக்கு. அப்ப இதை நான் நின்னுக்கிட்டேதான் பாக்கணுமா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தப் போட்டோவை எடுத்தவர் நின்றுகொண்டு எடுத்திருந்தார். அவருடைய கண்மட்டத்தில் கூடத்தைக் கட்டி, அம்மாவை அதற்கு எதிரே உட்காரச் சொல்லியிருக்கிறேன். நிச்சயதார்த்தத்தன்று அம்மா அந்தக் கூடத்தில் உட்காரவே இல்லை. ஆல்பம் முழுக்கப் புரட்டினாலும் காப்பித் தட்டோடு குனிந்து நிற்கிற முதுகு ஒன்றுதான் அகப்படும்.

பிளெக்ஸைக் கிழித்துப் போட்டோம். அம்மாவை உட்காரவைத்து, அவள் கண்ணுக்கு நேரே சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

"இது எதுக்குக்கா?" என்றான் தம்பி.

"எல்லாக் கோடும் இங்கதான் வந்து சேரும். படத்துல எங்க பாத்தாலும் கடைசில பார்வை இங்க வந்து நிக்கும்."

கண்மட்டம் இறங்கியதும் எல்லாம் இடம் மாறின. தரை தாழ்ந்து ஒடுங்கியது, கூரை உயர்ந்தது. நாற்காலிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை வைத்து, ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிட எவ்வளவு குறுக வேண்டும் என்று குறுக்குக் கோடு போட்டுப் போட்டுப் பார்த்தேன். வரைந்ததை அழித்து அழித்துக் கை ஓய்ந்தது. சம்பளத்துக்கு வரைந்த எந்த அரண்மனைக்கும் நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. ஜன்னல்களை விரியத் திறந்து வைத்து, சந்தின் சாயங்கால வெயிலை உள்ளே விட்டேன். என் படத்து ஜன்னலை எந்த அண்ணியும் பலகை வைத்து அடைக்க முடியாது என்று வீம்பாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது படத்தை ஒட்டியதும் தம்பி நின்றபடி பார்த்துவிட்டு, "முதல்ல அடிச்சதே தேவலைக்கா. இது என்னமோ கோணலா இருக்கு," என்றான்.

"அது உனக்கில்ல."

அம்மா உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "காத்துதான் வரல," என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. அத்தனை வருஷம் அவள் உழைத்துக் கொட்டிய வீட்டில், அவள் உட்காருகிற உயரத்தைக் கணக்கில் எடுத்துச் செய்த பொருள் இந்தப் பிளெக்ஸ் ஒன்றுதான்.

ஆடி பிறந்தது. அம்மா தெருவில் இறங்கி அண்ணன் வாசலில் ஏறினாள். கூடத்து ஏசி வயசானவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று கொல்லைப்பக்கத்துச் சாமான் அறையில் கட்டிலைப் போட்டார்கள். நான் பார்க்கப் போனபோது, "அங்க ஜன்னலாவது தெரிஞ்சுது," என்றாள். பிளெக்ஸைத்தான் சொன்னாள்.

பகலில் மட்டும் தம்பி வீட்டில் போய் உட்காரட்டுமே என்று அண்ணனிடம் கேட்டேன்.

"எம் முறையில அம்மா அங்க போய் உக்காந்தா, நான் சோறு போடலன்னு ஊரு பேசும்," என்றான்.

தம்பியாவது அண்ணனிடம் சொல்லிப் பார்க்கட்டும் என்று பக்கத்து வாசலில் ஏறினேன். கூடத்தில் அம்மாவின் நாற்காலி இல்லை. அந்த இடத்தில் சோபா. எதிரே என் படத்தின் நட்டநடுவில் பெரிய டிவி. அதன் இரண்டு பக்கமும் பாதிப் பாதி ஜன்னல் எட்டிப் பார்த்தது. தரைக் கட்டங்கள் டிவிக்கு அடியில் போய் முட்டி நின்றன.

"மாட்ட வந்தவரு, உக்காந்தா கண்ணுக்கு நேரா இருக்கணும்னாரு," என்றான் தம்பி. "நீதான் எங்க பாத்தாலும் பார்வை அங்க வந்து நிக்கும்னு சொன்னியேக்கா. அதே எடத்துல ஓட்டை போட்டாச்சு."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தான். அண்ணனிடம் பேசச் சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு இறங்கினேன்.

திரும்பவும் சாமான் அறைக்குப் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"தை பொறந்து அங்க போனா ஜன்னல் தெரியும்ல?"

மறைக்கப் பிடிக்கவில்லை. "டிவி மாட்டிட்டான்மா. படத்து மேலயே."

"எந்த எடத்துல?"

"நீ உக்காந்தா கண்ணுக்கு நேரா வருமே, அங்க."

அம்மாவின் முகம் தெளிந்தது.

"பாரேன்," என்றாள். "நான் கழுத்தைத் தூக்காம பாக்கணும்னு, எனக்காகவே பாத்துப் பாத்து மாட்டியிருக்கான்."